வாசிப்புப் பாடத்திட்டமா, விளையாட்டுத் திடலா: பள்ளி மாவட்டத்தின் முன்னுள்ள தேர்வுகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பும் நம்மவர்கள் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போவது அபூர்வம். பள்ளி எல்லையை மாற்றப் போகிறார்கள் என்றால் போவார்கள், சொத்து வரி ஏறுகிறது என்றால் போவார்கள். பல பள்ளி மாவட்டங்களில் ஆறு முதல் எட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் அங்கே வேறொரு விஷயம் முடிவாகும்: கிண்டர்கார்டனிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வாசிக்கக் கற்றுத் தருவது எந்தப் பாடத்திட்டத்தை வைத்து? அந்த ஆண்டு கிண்டர்கார்டனில் சேரும் குழந்தை தொடக்கப் பள்ளியை முடிக்கும்வரை அதே பாடத்திட்டத்தில்தான் இருக்கும். அதே கூட்டத்தில் விளையாட்டுத் திடலைப் புதுப்பிக்கும் தீர்மானமும் வந்தால் பெற்றோரின் கவனம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம். திடலுக்கு வண்ணப் படம் இருக்கிறது, சறுக்குமரம் நீலமா பச்சையா என்று கருத்துச் சொல்லலாம். பாடத்திட்டத்துக்கு நூறு பக்கப் பிடிஎஃப்தான்.

இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்து ஒப்பிடக் காரணம் உண்டு. இரண்டுமே வாங்கும் நாளில் அழகாகத் தெரியும், பராமரிக்கும் நாளில்தான் பல்லிளிக்கும். பாடத்திட்டத்துக்குப் பராமரிப்பு என்பது ஆசிரியர் பயிற்சி. திடலுக்கு அது தரை. விற்பனையாளர் இந்த இரண்டையும் பற்றித் தானாக முன்வந்து அதிகம் பேசமாட்டார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "திடலுக்குச் செலவழிப்பதற்குப் பதில் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாமே" என்ற வாதம் எல்லாக் கூட்டங்களிலும் எழும். பெரும்பாலான இடங்களில் அது பொருந்தாது. வாக்காளர் ஒப்புதலோடு கடனாகத் திரட்டும் பாண்ட் பணம் கட்டடம், திடல் போன்ற நிலையான சொத்துக்கானது. அதிலிருந்து ஆசிரியருக்குச் சம்பளமோ பயிற்சிச் செலவோ பொதுவாகக் கொடுக்க முடியாது. பாடத்திட்டமும் பயிற்சியும் ஆண்டு வரவு செலவிலிருந்தோ மாநில, மத்திய மானியத்திலிருந்தோ வர வேண்டும். திடலுக்குப் பல பள்ளிகளில் பிடிஏ, அதாவது பெற்றோர் ஆசிரியர் சங்கம், நிதி திரட்டித் தருகிறது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், எந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று முதலில் கேட்டுவிடுங்கள். பணத்தில் இந்த இரண்டும் போட்டியாளர்கள் அல்ல, போட்டி வேறோர் இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வாசிப்பு: சண்டை எதைப் பற்றி?

தமிழில் படித்து வந்தவர்களுக்கு இந்தச் சண்டையே முதலில் விளங்காது. எழுத்தைச் சொல்லிக்கொடுத்து, எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தால் பிள்ளை படித்துவிடுமே, இதில் என்ன இரண்டு கட்சி? தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு நெருக்கமானது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், ஏறத்தாழ 44 ஒலிகள், ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல்கள். அதனால் அங்கே எழுத்துக்கூட்டக் கற்பதற்குக் கூடுதல் காலமும் ஒழுங்கான வரிசையும் தேவை. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு இன்னொரு சுமையும் உண்டு: சொல்லைச் சரியாக எழுத்துக்கூட்டி விட்டாலும், அந்த ஆங்கிலச் சொல்லைக் காதால் கேட்டே இருக்காது.

1960-களின் இறுதியிலிருந்து வேறொரு கருத்து பரவியது. நன்றாக வாசிப்பவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் பார்ப்பதில்லை, படம், வாக்கிய அமைப்பு, முதல் எழுத்து ஆகிய குறிப்புகளை வைத்துச் சொல்லை ஊகிக்கிறார்கள் என்பது அதன் சாரம். கென் குட்மன் 1967-இல் வாசிப்பை ஒருவகை ஊக விளையாட்டு என்றே வர்ணித்தார். இதிலிருந்து வந்ததுதான் 'திரீ கியூயிங்' என்ற முறை. குழந்தை ஒரு சொல்லில் தடுக்கினால் "படத்தைப் பார், எது பொருந்தும் என்று யோசி" என்பார் ஆசிரியர். குதிரைப் படத்துக்குக் கீழே 'போனி' என்று அச்சிட்டிருக்க, குழந்தை 'ஹார்ஸ்' என்று வாசித்தால், பொருள் சரிதானே என்று விட்டுவிடுவார்கள். முதல் வகுப்பில் இது ஓடும். நான்காம் வகுப்பில் படங்கள் போய்விடும், ஊகிக்க ஒன்றும் இருக்காது.

கண்ணசைவையும் மூளையையும் ஆராய்ந்தவர்கள் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. தேர்ந்த வாசகர்கள் ஏறக்குறைய எல்லா எழுத்துகளையும் பார்க்கிறார்கள், வேகமாகப் பார்ப்பதால்தான் பார்க்காததுபோலத் தெரிகிறது. நாடாளுமன்றம் கேட்டதன் பேரில் அமைக்கப்பட்ட தேசிய வாசிப்புக் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கை ஐந்து தூண்களைச் சொன்னது: ஒலிகளைப் பிரித்துணர்தல், ஃபோனிக்ஸ் (எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று வரிசையாகக் கற்பது), தடையில்லா வாசிப்பு, சொல்வளம், பொருள் புரிதல். அதற்கு முன்பே, 1986-இல், காஃப், டன்மர் என்ற இருவர் இதைவிட எளிய ஒரு சூத்திரம் தந்தார்கள். வாசிப்பு என்பது எழுத்துக்கூட்டும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கவனியுங்கள், கூட்டி அல்ல, பெருக்கி. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். பாடத்திட்டங்களை எடைபோட இந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

எமிலி ஹான்ஃபோர்டு என்ற வானொலிப் பத்திரிகையாளர் 2022-இல் வெளியிட்ட பாட்காஸ்ட் தொடருக்குப் பிறகு இந்த விவாதம் ஆய்வேடுகளிலிருந்து வீட்டுச் சமையலறை வரை வந்துவிட்டது. நியூயார்க் நகரம் 2023-இல் தன் தொடக்கப் பள்ளிகளை மூன்று பாடத்திட்டங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. திரீ கியூயிங்குக்காக விமர்சிக்கப்பட்ட, அங்கே நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்த லூசி கால்கின்ஸின் யூனிட்ஸ் ஆஃப் ஸ்டடி என்ற பாடத்திட்டம் அந்த மூன்றில் இல்லை. அவர் நிறுவிய மையத்தை அதே ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ் கலைத்தது. ஒஹையோ, இண்டியானா உட்படச் சில மாநிலங்கள் திரீ கியூயிங்கைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டன. ஆகவே உங்கள் மாவட்டத்தின் கையில் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்பதே மாநிலத்தைப் பொறுத்தது. சில மாநிலங்களில் அங்கீகரித்த பட்டியலுக்கு வெளியே போக முடியாது.

மூன்று வழிகள்

முதல் வழி, இருப்பதை வைத்துக்கொண்டு ஃபோனிக்ஸை மட்டும் மேலே சேர்ப்பது. மாவட்டம் ஏற்கெனவே 'பேலன்ஸ்டு லிட்டரசி' பாணியில், அதாவது புத்தக வாசிப்பும் ஊகமும் அதிகம், ஃபோனிக்ஸ் கொஞ்சம் என்று நடக்கிறது, வகுப்பறை நிறையக் கடினத்துக்கேற்ப ஏ, பி, சி என்று லெவல் போட்ட புத்தகப் பெட்டிகள். அதோடு தினமும் அரைமணி நேரம் ஃபண்டேஷன்ஸ் அல்லது யு.எஃப்.எல்.ஐ ஃபவுண்டேஷன்ஸ் போன்ற ஃபோனிக்ஸ் தொகுப்பு ஒன்றை நடத்துவது. யு.எஃப்.எல்.ஐ ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஆசிரியர் கையேடு ஒன்று நூறு டாலருக்குள் முடிந்துவிடும், துணைப் பொருள்களில் பெரும்பகுதி இணையத்தில் இலவசம். காசு இல்லாத மாவட்டத்துக்கு இது கொடை. சிக்கல் என்னவென்றால், காலை ஒன்பது மணிக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒன்பதரைக்குக் கையில் லெவல் புத்தகத்தைக் கொடுத்துப் படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொன்னால், குழந்தை எதை நம்பும்? எளிதானதை நம்பும். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தால், முதல் இரண்டு வகுப்புகளிலாவது லெவல் புத்தகங்களை ஓரம் கட்டிவிட்டு, கற்ற ஒலிகளை மட்டும் கொண்டு எழுதிய 'டீகோடபிள்' புத்தகங்களை வாங்க வேண்டும். அவை கதையாகச் சுவையற்றவை என்பது உண்மைதான். பூனை பாயில் உட்காரும், பிறகு எழுந்திருக்கும். சில மாதங்களுக்கான ஊன்றுகோல் அது, ஆயுசு முழுவதும் படிக்கப்போவதில்லை.

இரண்டாவது, பெரிய பதிப்பகங்களின் முழுத் தொகுப்பு. ஹெச்.எம்.ஹெச்சின் இன்டூ ரீடிங், மெக்ரா ஹில்லின் வொண்டர்ஸ் போன்றவை. ஃபோனிக்ஸ், கதைத் தொகுப்பு, இலக்கணம், எழுத்துப் பயிற்சி, தேர்வு, ஸ்பானிஷ் பதிப்பு எல்லாம் ஒரே பெட்டியில். பாடநூலை வைத்து நடத்திப் பழகிய ஆசிரியர்கள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். நிர்வாகிகளுக்கும் ஒரே ஒப்பந்தம், ஒரே கையெழுத்து. குறை, மிதமிஞ்சிய சரக்கு. ஒரு வாரத்துக்கென்று கொடுத்திருப்பதை ஒரு வாரத்தில் முடிக்க முடியாது, அதனால் எதை விடுவது என்று ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியாக முடிவெடுப்பார். அப்புறம் மாவட்டம் முழுக்க ஒரே பாடத்திட்டம் என்பது பெயரளவில்தான். இன்னொன்று, வாரம் ஒரு 'திறன்' என்று நகரும் போக்கு: இந்த வாரம் மையக்கருத்து, அடுத்த வாரம் ஒப்பிடுதல். கதைகள் அந்தத் திறனுக்காகப் பொறுக்கப்பட்டவை, ஒன்றுக்கொன்று தொடர்பு குறைவு. புதிய பதிப்புகள் இதைச் சரிசெய்ய முயல்கின்றன. எவ்வளவு என்பதைப் பாடத்தைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அறிவை அடுக்கிக் கட்டும் பாடத்திட்டங்கள். ஆம்ப்ளிஃபையின் சி.கே.எல்.ஏ, ஈ.எல். எஜுகேஷன், விட் அண்ட் விஸ்டம் முதலியவை. இவற்றில் வாரத்துக்கு ஒரு திறன் கிடையாது, சில வாரங்களுக்கு ஒரு பொருள். சி.கே.எல்.ஏவில் முதல் வகுப்புப் பிள்ளைகள் மனித உடலையும் பண்டைய நாகரிகங்களையும் பற்றிக் காதால் கேட்டுப் பேசுவார்கள். எழுத்துக்கூட்டும் பயிற்சி தனித் தடத்தில் இன்னொரு பக்கம் ஓடும். அதாவது மேலே சொன்ன பெருக்கலின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி நேரம்.

அறிவு இவ்வளவு முக்கியமா? 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் ஆனாலும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கும் ஆனால் பேஸ்பால் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இதற்கு நமக்கு ஆய்வே வேண்டியதில்லை. கிரிக்கெட் செய்தியை வரிக்கு வரி ரசிக்கும் நாம், பேஸ்பால் பக்கத்தைத் திருப்பினால் ஒவ்வொரு சொல்லும் தெரிந்தும் ஒன்றும் புரியாமல் முழிக்கிறோமே. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு பொருளை ஆழமாகச் சொல்லிக்கொடுப்பது இரட்டை லாபம், ஏனென்றால் ஒரே பொருளைச் சில வாரங்கள் சுற்றிவரும்போது அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்.

குறைகளும் உண்டு. விட் அண்ட் விஸ்டத்தில் அடிப்படை எழுத்துக்கூட்டும் பயிற்சி இல்லை. அதற்குத் தனியாக ஒரு ஃபோனிக்ஸ் தொகுப்பு வாங்கியாக வேண்டும். விலை கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஆசிரியருக்கு முன்தயாரிப்பு அதிகம். "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மெசபடோமியா எதற்கு" என்று கேட்கும் பெற்றோரும் இருப்பார்கள். நம் தரப்பில் ஒரு வேலை இருக்கிறது: சி.கே.எல்.ஏவின் இலவசப் பதிப்பில் இரண்டாம் வகுப்பில் ஆசிய நாகரிகங்கள் அலகு உண்டு, அதில் இந்தியாவும் வருகிறது. எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்புதலுக்கு முன்பே வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்வது, பிறகு சமூக ஊடகத்தில் கொதிப்பதைவிட மேல்.

என் தேர்வு மூன்றாவது வழி. ஆனால் ஒரு நிபந்தனையோடு.

மிசிசிப்பி என்ன செய்தது?

அந்த நிபந்தனை புரிய மிசிசிப்பியைப் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் நடத்தும் நேப் தேர்வில் 2013-இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் அந்த மாநிலத்தின் சராசரி 209, அரசுப் பள்ளிகளின் தேசிய சராசரி 221. மாநிலங்களின் வரிசையில் கிட்டத்தட்டக் கடைசி என்ற நிலை. 2019-இல் 219 எடுத்துத் தேசிய சராசரியைத் தொட்டது. 2024-இல் நாடு 214-க்கு இறங்கியபோதும் மிசிசிப்பி 219-இல் நின்றது. நாட்டின் ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று இதைச் செய்தது என்பதால்தான் எல்லோரும் அதையே பேசுகிறார்கள்.

2013-இல் அவர்கள் இயற்றிய சட்டம் 'இந்தப் புத்தகத்தை வாங்குங்கள்' என்று தொடங்கவில்லை. ஆசிரியர்களுக்கு வாசிப்பு அறிவியலில் நீண்ட பயிற்சி, பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநிலமே அனுப்பிய லிட்டரசி கோச்கள் (வகுப்பறையிலேயே ஆசிரியருக்கு வழிகாட்டுபவர்கள்), சிறு வகுப்பிலேயே பின்தங்குபவரை அடையாளம் காண ஆண்டுக்குப் பலமுறை சோதனை, மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்துவது. கடைசி அம்சம் சர்ச்சைக்குரியது. நிறுத்திவைத்துப் பிறகு தேர்வெழுத வைப்பதால் நான்காம் வகுப்பு மதிப்பெண் கொஞ்சம் உயர்ந்து தெரியும் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. எட்டாம் வகுப்பில் அதே வேகம் தெரியவில்லை என்பதும் உண்மை. அப்படியே இருந்தாலும் பயிற்சியும் கோச்சும் முதலில், புத்தகம் பிறகு என்ற வரிசையைப் புறந்தள்ள முடியாது.

ஆகவே நிபந்தனை இதுதான். குறைந்தது மூன்று ஆண்டுக்காவது கோச் சம்பளத்துக்கு வழி இருந்தால் மூன்றாவது வழிக்குப் போகலாம். ஆகஸ்டில் இரண்டு நாள் பயிற்சி, அதோடு சரி என்றால் வேண்டாம். அந்த நிலையில் முதல் வழியைத் திருத்தமாகச் செய்வது, அதாவது யு.எஃப்.எல்.ஐ போன்ற எளியதொன்றோடு டீகோடபிள் புத்தகங்கள் வாங்குவது, விலையுயர்ந்த பாடத்திட்டத்தைப் பிரிக்காத பெட்டியில் வைத்திருப்பதைவிடப் பலன் தரும். கொரோனாக் கால மத்திய நிதி 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டதால், அதில் நியமித்த கோச்களைப் பல மாவட்டங்கள் இழந்திருக்கின்றன. "கோச் இருக்கிறார்" என்று சொன்னால், எந்தக் கணக்கில், எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள்.

மதிப்பீட்டுக் குழுவில் இடம் கிடைத்தால் நான் பார்க்கச் சொல்வது விளம்பரப் புத்தகத்தை அல்ல, முதல் வகுப்பின் நடுப்பகுதியில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமைப் பாடத்தை. தடுக்கும் குழந்தையிடம் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது? "ஒலிகளைச் சேர்" என்றா, "படத்தைப் பார்" என்றா? குழந்தை வாசிக்கும் புத்தகத்தில் அதுவரை கற்றுத்தந்த ஒலிகள்தான் இருக்கின்றனவா? ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு என்ன உதவி, ஓரக் குறிப்பு ஒன்றா, தனிப் பாடமா? பாடத்திட்டங்களை மதிப்பிடும் எட்ரிப்போர்ட்ஸ் என்ற அமைப்பு தரும் பச்சை மதிப்பெண்ணை வைத்துப் பட்டியலைச் சுருக்கலாம், முடிவெடுக்கக் கூடாது. பெரிய தொகுப்புகள் பலவும் பச்சை வாங்கியவைதான்.

திடல்: முதலில் தரை

இனி வெளியே வரலாம். திடல் விற்பனையாளர் காட்டும் படத்தில் கண் மேலே போகும், கோபுரம், சுருள் சறுக்குமரம், ஏறும் வலை. கீழே பாருங்கள். திடலில் அடிபடுவதில் பெரும்பங்கு விழுவதால் வருகிறது, விழும் குழந்தையைத் தாங்குவது தரை. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிடும் பொதுத் திடல் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது, எளிய ஆங்கிலம். அதன்படி புல்லும் மண்ணும்கூடப் பாதுகாப்பான தரை அல்ல, தார்த் தரையும் கான்கிரீட்டும் கேட்கவே வேண்டாம். 9 அங்குல மரச்சில்லு 10 அடி உயர வீழ்ச்சி வரை தாங்கும். அதே ஆழ மணல் 4 அடிக்குத்தான். தளர்வான நிரப்பு காலப்போக்கில் கால்பங்காவது அமுங்கும், ஆகவே 9 அங்குலம் நிற்க வேண்டுமானால் 12 அங்குலம் கொட்ட வேண்டும்.

மலிவான வழி, இருப்பதைப் பழுதுபார்ப்பது. மரச்சில்லைக் கூட்டிப் போடுவது, தேய்ந்த ஊஞ்சல் கொக்கிகளை மாற்றுவது, தலை மாட்டிக்கொள்ளும் இடைவெளிகளை, அதாவது மூன்றரை அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்டவற்றை, அடைப்பது, தார்த் தரையில் ஃபோர் ஸ்கொயர் கட்டங்களும் பாண்டிக் கட்டங்களும் வரைவது. இதை யாரும் ரிப்பன் வெட்டித் திறக்கமாட்டார்கள். ஆனால் சான்றிதழ் பெற்ற திடல் ஆய்வாளர் ஒருவரை அழைத்துப் பட்டியல் எழுதவைத்தால், பாதி வேலை இந்த வகையிலேயே முடியும்.

அடுத்தது புதிய கட்டமைப்பு, தரைக்கு எஞ்சினியர்டு மரநார், அதாவது திடலுக்கென்றே தயாரித்த மரத்துகள். ஆரம்பச் செலவு குறைவு. சோதனைத் தரநிலையில் தேறிய மரநார் சக்கர நாற்காலிக்கும் ஏற்றது என்று ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் தினமும் நூறு கால்கள் ஊஞ்சலுக்குக் கீழே உதைத்துக் குழி பறிக்கும். யார் மண்வாரி எடுத்து நிரவுவார்கள்? மூன்றாவது, ஊற்றிப் பதித்த ரப்பர் தரை. மட்டமாக இருக்கும், சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் தடையின்றிப் போகும், தினப் பராமரிப்பு குறைவு. விலை மரநாரைவிடப் பல மடங்கு. கோடை வெயிலில் வெறுங்காலைச் சுடும், ஆண்டுகள் போகப்போக ஓரம் விரியும், இறுகும். இறுகினால் பார்க்க நன்றாக இருக்கும், விழுந்தால் தாங்காது. நான்காவது இயற்கைத் திடல், தாரைப் பெயர்த்துவிட்டு மரம், மண்மேடு, கட்டைகள், மணல். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நிழல் கிடைக்கும், ஓட்டப் போட்டியில் சேராத பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். ஆனால் இன்று நட்ட மரம் நிழல் தருவதற்குள் இன்றைய கிண்டர்கார்டன் குழந்தை நடுநிலைப் பள்ளிக்குப் போயிருக்கும். அதுவரை துணிப் பந்தல் போட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஏ.டி.ஏ சட்டத்தின் 2010 தரநிலைகள் திடலுக்கும் பொருந்தும். உயரத்தில் உள்ள விளையாட்டு அம்சங்கள் இருபதோ அதற்கு மேலோ இருந்தால் சாய்தளம் கட்டாயம். அதற்குக் கீழே என்றால் நாற்காலியிலிருந்து இறங்கி ஏறும் மேடை போதும். சில வடிவமைப்புகள் 19-இல் நிற்பது தற்செயல் அல்ல. வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள். சட்டம் தரையைப் பொறுத்தவரை வாங்கியதோடு விடுவதில்லை, அடிக்கடி சோதித்துப் பராமரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்க அணுகல் வாரியத்தின் ஆதரவில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் தேசிய அணுகல் மையம் திடல் தரைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 2013-இல் அறிக்கை தந்தது. குறையே இல்லாத தரை என்று எதுவும் தேறவில்லை. மரநாரில் மட்டமும் உறுதியும் விரைவில் கெட்டன. ரப்பர் தரைகளிலோ தாங்கும் தன்மை குறைந்த இடங்கள் தெரிந்தன. விலை உயர்ந்ததை வாங்கிவிட்டால் கவலையில்லை என்ற எண்ணம் அந்த அறிக்கையோடு நிற்காது.

என் விருப்பம் கலப்பு. நுழைவிலிருந்து முக்கிய விளையாட்டுகள் வரை செல்லும் பாதைக்கும், ஊஞ்சலடிக்கும், சறுக்குமரம் முடியும் இடத்துக்கும் ரப்பர். மற்ற இடமெல்லாம் மரநார். மிச்சப் பணத்தில் மரம், நிழல். சறுக்குமரத்தின் சுருளில் ஒன்று குறைந்தால் எந்தக் குழந்தையும் அழாது.

மணி அடிப்பதற்குள்

போட்டி வேறோர் இடத்தில் என்று சொன்னேனே, அது நேர அட்டவணை. புதிய வாசிப்புப் பாடத்திட்டங்களில் பெரும்பாலானவை நாளுக்கு 90 நிமிடமோ இரண்டு மணி நேரமோ கேட்கின்றன. கணிதத்துக்கு ஒரு மணி நேரம். பள்ளி நாள் நீளாது. எங்கே வெட்டுவது என்று வரும்போது, தேர்வில் வராத ரீசெஸ், அதாவது விளையாட்டு இடைவேளை மேல் கத்தி விழும். அல்லது அறிவியலும் சமூக அறிவியலும் போய்விடும், பிறகு பிள்ளைக்குப் பின்னணி அறிவு இல்லை என்று மறுபடி வாசிப்பு மதிப்பெண் குறையும். மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி தொடக்கப் பள்ளிக்கு நாளுக்குக் குறைந்தது 20 நிமிட ரீசெஸ் பரிந்துரைக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, தண்டனையாகவோ படிப்புக்காகவோ ரீசெஸைப் பறிக்கக் கூடாது என்றது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையை ரீசெஸ் நேரத்தில் கூடுதல் பயிற்சிக்கு அழைப்பது பல பள்ளிகளில் நடக்கிறது. புதுத் திடல் கட்டிவிட்டு, அது அதிகம் தேவைப்படும் பிள்ளையை உள்ளே உட்கார வைப்பதில் என்ன லாபம்?

இந்த இடத்திலும் வாசிப்பின் மூன்றாவது வழிக்குச் சாதகம் உண்டு. வரலாறும் அறிவியலும் வாசிப்பு நேரத்துக்குள்ளேயே வருவதால் அட்டவணை கொஞ்சம் மூச்சுவிடும். பெரிய தொகுப்புகளில் அந்த வசதி குறைவு. ஆகவே போர்டு வாக்களிப்பதற்கு முன் ஒவ்வொரு வகுப்புக்கும் மாதிரி நாள் அட்டவணை கேளுங்கள், நிமிடக் கணக்கோடு, கழிப்பறைக்கும் வரிசையில் நிற்பதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்து.

மாவட்டத்துக்கு மாவட்டம் விடை மாறும். சிறிய மாவட்டம், கோச் இல்லை, பாண்ட் தோற்றுவிட்டது என்றால்: வாசிப்பில் முதல் வழியைத் திருத்தமாகச் செய்யுங்கள், திடலில் பழுதுபார்ப்பும் தரைக் கோடுகளும். பாண்ட் வென்றுவிட்டது, ஆண்டு நிதி இறுக்கம் என்றால்: திடலில் கலப்புத் தரையோடு புதுக் கட்டமைப்பு, வாசிப்பில் ஓராண்டு சில வகுப்புகளில் மட்டும் முன்னோட்டம். இரண்டுக்கும் பணம் உண்டு என்றால் வாசிப்பில் மூன்றாவது வழியும் திடலில் மரங்களும். ஆசிரியர்களில் பாதிப்பேர் ஓய்வு பெறவோ வேறு ஊருக்குப் போகவோ இருக்கும் மாவட்டத்தில் மட்டும், பெரிய தொகுப்பு நல்ல தேர்வாக இருக்கலாம். புதிதாக வருபவர் கையேட்டைப் பிடித்துக்கொண்டு நடத்தத் தோதானது அதுதான்.

முன்னோட்டம் நடத்தினால் ஆர்வமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளில் மட்டும் வைக்காதீர்கள், அவர்கள் கையில் எதுவும் ஓடும். தயக்கம் காட்டும் ஒருவரின் வகுப்பும், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் அதிகமுள்ள ஒரு வகுப்பும் அதில் இருக்கட்டும். திடலுக்கு ஒப்பந்தம் போடும்போது, ஆண்டுதோறும் மரநார் நிரப்பும் செலவையும் ரப்பரின் தாங்கும் தன்மையைச் சில ஆண்டுக்கு ஒருமுறை களத்தில் சோதிக்கும் செலவையும் அதே தீர்மானத்தில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். கோச் சம்பளத்துக்கும் அப்படியே ஒரு வரி. அந்த வரிகள் இல்லாத தீர்மானம் மேசைக்கு வந்தால், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும்படி பொதுக் கருத்து நேரத்தில் எழுந்து கேட்கலாம். பெரும்பாலான போர்டுகளில் அதற்கு ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். பெயரை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டியிருக்கும்.